மலரின் கையும் என் வழுக்கைத் தலையும்

தலையைப் பின்னால் சாய்த்துப் படுத்திருக்கிறேன். கழுத்துக்கு அடியில் பீங்கான் தொட்டியின் சில்லிப்பு. கீழே மாலைக் கடை. மாடிப்படி ஏறி வரும் மல்லிகை வாசமும், உள்ளே நிற்கும் தலைச்சாயத்தின் நெடியும் என் மூக்குக்கு நேரே சந்தித்து, யார் பெரியவர் என்று வாக்குவாதம் செய்துகொண்டிருக்கின்றன. மோனோரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி லேசாக நடுங்குகிறது.

பிரிக்பீல்ட்ஸில் என் மனைவியின் தங்கை மலர் நடத்தும் சலூன் அது. நான் படுத்திருப்பது தலை கழுவும் நாற்காலி.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். என் தலையில் முடி கிடையாது. காதுகளுக்கு மேலே ஒப்புக்குக் கொஞ்சம் இருக்கிறது. மற்றபடி, வெயிலில் நான் திரும்பினால் எதிரே வருபவர் கண்ணைச் சுருக்குவார்.

இந்தத் தலையை வைத்துக்கொண்டு நான் பிழைப்புக்குச் செய்வது ஷாம்பூ.

கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையில் ஒரு சின்னத் தொழிற்சாலை. சிறிய நிறுவனங்கள் கேட்கிற ஷாம்பூவைச் செய்து, அவர்கள் பெயர் ஒட்டிக் கொடுப்போம். எதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்வது என் வேலை. வேலைக்குச் சேரப் போன அன்று தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தார். "நல்லதா போச்சு. இவன் சாமான வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டான்" என்று மலாயில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கார் போலிஷ்

நாற்காலிக்கு நான் வந்து சேர்ந்தது என் விருப்பத்தால் அல்ல. ஒரு கல்யாணத்துக்காக என் மனைவி சுமதி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, பிளாஸ்டிக் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு வந்த ஓட்டுநர் என்ற முறையில் நான் பழைய பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சும்மாத்தானே இருக்கீங்க அத்தான். வாங்க, உங்க தலையையும் கழுவி விடுறேன்" என்றாள் மலர்.

"கழுவுறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"ஷாம்பூ வேணாம் மலரு," என்றாள் சுமதி. "கார் போலிஷ் இருந்தா போடு."

மலரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரிசையில் முடி வெட்ட வேறு கடைகள் இருக்கின்றன. மலரிடம் வருபவர்கள் தலையைக் கழுவிக்கொள்ள வருகிறார்கள். சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு வக்கீல் ஆன்டி, வழியில் இருக்கிற இருபது சலூன்களைத் தாண்டி, சனிக்கிழமை தவறாமல் இங்கே வந்து படுப்பார். மலரின் விரல்கள் மண்டையில் பட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆன்டி தூங்கிவிடுவார். நீதிமன்றத்தில் அதட்டுகிற அந்த வாய், லேசாகத் திறந்துகொள்ளும். இதைப் பார்த்து நான் பல முறை சிரித்திருக்கிறேன். காசு கொடுத்துத் தூங்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா, வீட்டில் கட்டில் இல்லையா என்று கேட்டிருக்கிறேன்.

ஆகவே நானும் தூங்கத் தயாராகக் கண்ணை மூடினேன்.

மலர் என் வழுக்கையில் கையை வைத்தாள்.

துள்ளி எழுந்துவிட்டேன். தச்சர் மேசையை இழைத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாரே, அப்படி இருந்தது.

"என்ன அத்தான், தண்ணி சூடா?"

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்ல லா." கை அதற்குள் துண்டுக்குள் போய்விட்டது.

"காட்டு மலர்."

காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து உரிந்திருந்தது. முட்டிகளில் தோல் வெடித்து, காய்ந்த வயல் மாதிரிக் கோடு கோடாகத் திறந்திருந்தது. நாள் முழுக்க ஷாம்பூத் தண்ணீரில் கிடக்கும் கைகள். அவளிடம் தலை கொடுத்த அத்தனை பெண்களுக்கும் இது தெரியாது. முடி உள்ளவர்களுக்கு அந்த முடியே ஒரு மெத்தை. கையின் உண்மை தெரிய வேண்டுமென்றால் வழுக்கைத் தலையன் ஒருவன் வந்து படுக்க வேண்டியிருந்தது. என் தலை வாழ்நாளில் செய்த முதல் உபயோகமான காரியம் அது.

"கையுறை போட்டுக்கக் கூடாதா?"

"போட்டுப் பாத்தேன். முடியப் புடிச்சு இழுக்குது, ஆன்டிங்க கத்துறாங்க. உள்ள வேர்த்து இன்னும் மோசமாச்சு." குரலைத் தாழ்த்தினாள். "தோல் டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த தடவ போறதுக்குள்ள ஆறலன்னா தலை கழுவுறத விட்டுடணுமாம்."

"விட்டுட்டா?"

"விட்டுட்டா கடையில என்ன இருக்கு அத்தான்? கத்திரியும் நானும்தான்."

எத்தனையோ வருடம் அடுத்தவர் சலூன்களில் நின்றவள். இந்தக் கடையைத் திறந்து ஒரு தீபாவளிதான் ஆகியிருந்தது. வாசலில் கட்டிய மாவிலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

பிளாஸ்டிக் தொப்பியோடு சுமதி எழுந்து வந்தாள். தங்கையின் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ஷாம்பூ செய்றீங்க. என் தங்கச்சிக்கு ஒண்ணு செய்ய முடியாதா?"

நெற்றியில் சாயம் வழிய ஒரு பெண் இப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவன் இல்லை.

லோரிக்குப் பின்னால்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுக் காஜாங்கிலிருந்து ஒரு வாசகர், "நேரே விஷயத்துக்கு வரவும்" என்று வாட்ஸ்அப்பில் கண்டித்திருந்தார். அண்ணே மன்னிக்கவும். இந்த இடத்தில் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிற்சாலைச் சாலையே அப்படித்தான்.

காலையில் நான் வேலைக்குப் போகும்போது முன்னால் ஒரு செம்பனை லோரி, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி, இருக்கும். இல்லாத நாள் குறைவு. முள்ளும் சிவப்புமாகக் குலைகள் குவிந்து, வளைவில் ஒன்றிரண்டு உருண்டு விழும். முன்பெல்லாம் அந்த லோரியைத் திட்டிக்கொண்டே முந்தப் பார்ப்பேன். இப்போது கொஞ்சம் மரியாதையாகப் பின்னால் போகிறேன்.

காரணம், ஷாம்பூவின் நுரை அதற்குள்தான் இருக்கிறது. செம்பனைப் பழத்தின் நடுவே கறுப்பாக ஒரு கொட்டை. அதை உடைத்தால் வெள்ளைப் பருப்பு. அதன் எண்ணெயிலிருந்து, ஆலைகளில் பல கை மாறி, சல்ஃபேட் என்று நாங்கள் சொல்லும் நுரைக்கும் பொருள் வருகிறது. ஏறக்குறைய எல்லா ஷாம்பூவுக்கும் அதுதான் முதுகெலும்பு. அதே எண்ணெயிலிருந்து வேறு வழியில் போனால் பீட்டெய்ன் என்ற இன்னொன்று வருகிறது. இதுவும் நுரைக்கும், ஆனால் சாது. இப்படி அழுக்கையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பொருள்களுக்கு சர்ஃபக்டன்ட் என்று பொதுப்பெயர்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதே ஒரு எண்ணெயின் பிள்ளை என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தூங்கும் வக்கீல் ஆன்டியின் தலையில் நுரைப்பது, காப்பார் சாலையில் உருண்டு விழுந்த குலை. என் குடும்பத்தில் முந்தைய ஆட்கள் தோட்டத்தில் அந்தக் குலையைத் தூக்கினார்கள், நான் அதைக் கலக்குகிறேன். செம்பனை எங்களை விடுவதாக இல்லை.

இரண்டு தோல்விகள்

மலருக்கான ஷாம்பூவில் என் முதல் யோசனை, சோம்பேறியின் யோசனை. சல்ஃபேட்தான் கடிக்கிறது என்றால் சல்ஃபேட்டைக் குறைப்போம், தண்ணீரைக் கூட்டுவோம். அப்படியே ஒரு பாட்டில் செய்து கொடுத்தேன். நுரை வரவில்லை என்று மலர் ஒரு தடவைக்கு மூன்று தடவை ஊற்றினாள். கைக்குப் போய்ச் சேர்ந்த சல்ஃபேட் அதே அளவு. தண்ணீர் மட்டும் லாபம்.

இரண்டாவது யோசனை, அதிபுத்திசாலியின் யோசனை. சல்ஃபேட்டே வேண்டாம். சர்க்கரையிலிருந்து செய்கிற குளுக்கோசைட் என்று ஒன்று இருக்கிறது, பரம சாது. அதை மட்டும் வைத்துச் செய்தேன். மலரின் கை அதற்குச் சிணுங்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வக்கீல் ஆன்டி தூக்கத்திலிருந்து எழுந்து தலையில் கை வைத்தார். கை உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

"மலர், என்னம்மா இது, முடியா தேங்கா நாரா? சீப்பு மாட்டிக்கிச்சு பாரு!"

"ஆன்டி, அது புது ஷாம்பூ, இயற்கை..."

"இயற்கைன்னா காட்டுல இருக்கட்டும். எனக்கு நாளைக்குக் காலையில விருந்து இருக்கு!"

அன்று ஆன்டியின் தலையை மறுபடி பழைய ஷாம்பூ போட்டுக் கழுவி, எண்ணெய் விட்டுச் சிக்கெடுத்து அனுப்பினாள் மலர். வெடித்த முட்டிகளிலிருந்து ரத்தம் கசிந்தது. எனக்கு அவள் போன் செய்யவில்லை. சுமதி சொல்லித்தான் தெரியும். சுமதி எப்படிச் சொன்னாள் என்பதைக் குடும்ப கௌரவம் கருதி விட்டுவிடுகிறேன்.

மாமாக்கள் மேசை

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் செய்யும் எல்லா ஷாம்பூவிலும் சல்ஃபேட்டோடு கொஞ்சம் பீட்டெய்ன் போடுவேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், "நுரை நல்லா வரும், கெட்டியாகும்" என்று பெரிய மனிதன் மாதிரிச் சொல்லியிருப்பேன். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரிக் கை பழகிவிட்டது.

படித்ததில் ஒரு விஷயம் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. சல்ஃபேட்டை ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல், அதோடு பீட்டெய்னையும் கூடுதலாகச் சேர்த்தால், தோலுக்கு எரிச்சல் குறைகிறது. மொத்தத்தில் நுரைக்கும் பொருள் கூடியிருக்கிறது, கடி குறைகிறது. கணக்குப்படி இது நடக்கவே கூடாது.

எனக்குப் புரிந்தது என் மாமாக்களால்.

என் அம்மாவுக்கு நான்கு தம்பிகள். நான்கு பேருக்கும் ஒரே கோபம். கல்யாண மண்டபத்தில் அவர்களை ஒரே வட்ட மேசையில் உட்கார வைத்தால், ஒருவர் தோள் மற்றவர் மேல் படாதபடி நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போடுவார்கள். கடைசியில் ஒருவர் எழுந்துவிடுவார். எழுந்தவர் சும்மா இருப்பாரா? சமையல்காரரிடம் போய் ரசத்தைக் குறை சொல்வார். மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்ப் பழங்கதையைக் கிளறுவார். எங்கள் குடும்பத்தில் நடந்த கல்யாண வம்பு அனைத்தும், மேசையை விட்டு எழுந்து தனியாகத் திரிந்த மாமாவால் வந்தது.

சல்ஃபேட் அப்படித்தான். தண்ணீரில் அதன் துகள்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து உருண்டையாக உட்காரும். அழுக்கை நடுவில் பிடித்து வைத்துக்கொள்வது அந்த உருண்டைகள்தான். ஆனால் எல்லாத் துகளின் தலையிலும் ஒரே வகை மின்சாரம், அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகிறது. நெருங்கி உட்கார முடியாமல் பல தனியாகத் திரிகின்றன. தோலுக்குள் புகுந்து வம்பு செய்வது அப்படித் திரிகிறவை.

பீட்டெய்ன் என் அத்தைகள். அதன் தலையில் இரண்டு வகை மின்சாரமும் உண்டு. இரண்டு மாமாக்களுக்கு நடுவே ஒரு அத்தையை உட்கார வையுங்கள். மேசை நெருங்கிவிடும். எழுந்து திரிய ஆள் இருக்காது. ரசம் தப்பிக்கும்.

இத்தனை வருடம் நான் தினமும் இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட மேசையை எட்டிப் பார்த்ததில்லை.

தவுக்கேயிடம் போய் ஷாம்பூ கலக்கும் சிறிய கொப்பரையைக் கேட்டேன். இரண்டு ஆர்டர்களுக்கு நடுவே ஒரு பிற்பகல் கொடுத்தார். ஒரு விரலை உயர்த்தி, "ஒரு தடவ. ஒரே தடவ" என்றார்.

சல்ஃபேட்டைக் குறைத்து, பீட்டெய்னை அதற்கு ஏறக்குறைய சமமாகக் கொண்டுவந்து, மேலே கொஞ்சம் குளுக்கோசைட். வாசனை கிடையாது. எலுமிச்சையில் இருக்கும் அமிலத்தை ஒரு சிட்டிகை போட்டு, தோலுக்கு இயல்பாக உள்ள லேசான புளிப்புக்குக் கலவையைக் கொண்டுவந்தேன். முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஊற்றிய சல்ஃபேட் கரைசல் தண்ணீர் மாதிரி. அந்தப் பக்கம் ஊற்றிய பீட்டெய்னும் தண்ணீர் மாதிரி. கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டுக் கிளறினேன். கரண்டி தயங்கியது. நுரைக்குமிழிகள் மேலே வர மனமில்லாமல் பாதியில் நின்றன. கரண்டியைத் தூக்கினால் தேன் மாதிரி ஒரு கயிறு இறங்கியது. இரண்டு தண்ணீர் சேர்ந்து தேன்.

தவுக்கே பின்னால் நின்றிருந்தார். "நீ இத இப்பத்தான் பாக்குறியா?"

"ஆமா பாஸ்," என்றேன். பொய்யில்லை.

ஒரு கைப்பிடி உப்பு

குவளையில் உப்பு விட நேரம் இருந்தது. கொப்பரையில் விட நேரம் இல்லை. அடுத்த ஆர்டருக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். அதனால் உப்புச் சேர்க்காமலே கேன்களில் பிடித்து மலர் கடையில் இறக்கினேன். "கொஞ்சம் தண்ணியா இருக்கும். உப்பு போட்டா கெட்டியாகும், எனக்கு நேரமில்ல. அப்படியே போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வாக்கியத்தின் நடுப்பகுதியை நான் சொல்லியிருக்கக் கூடாது.

டாக்டரிடம் போகும் நாள் நெருங்கியது. மறுபடி ஒரு கொப்பரைக்கு வழியில்லை. இது கடித்தால் கடை போச்சு. பார்க்கப் போனேன்.

பாட்டிலை அழுத்தினேன். பச்சைத் தண்ணீர் மாதிரிப் பீய்ச்சிக்கொண்டு வந்து என் சட்டையை நனைத்தது.

"மலர், இத என்ன செஞ்சே?"

"நான் என்ன செஞ்சேன்? நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"உப்பு போட்டா கெட்டியாகும்னு. ஒரு கைப்பிடி போட்டேன். சூப்பரா கஞ்சி மாதிரி வந்துச்சு அத்தான். இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா ஆன்டிங்களுக்குப் பிடிக்குமேன்னு இன்னொரு கைப்பிடி போட்டேன். இளகிடுச்சு. சரி, உப்பு பத்தலன்னு..."

"இன்னொரு கைப்பிடி."

"ரெண்டு."

"எல்லாக் கேனுக்குமா?"

"பின்ன? ஒண்ணு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"என்ன உப்பு?"

"கல்லுப்பு. மீன் கழுவ வாங்கி வச்சது."

ஷாம்பூவுக்கு உப்பு என்பது ஒரு மேடு. ஏறும் வரை கெட்டியாகும். உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் சரசரவென்று இறங்கித் தண்ணீராகும். சமையலறையில் உப்பு பத்தவில்லை என்றால் கை தானாக உப்புச் சட்டிக்குப் போகும். அந்தக் கை மேட்டைப் பார்க்காது.

நான் தலையில் கை வைத்தேன். வழுக்கியது. தண்ணீராக ஓடுவதால் அவள் இரண்டு மூன்று மடங்கு ஊற்றியிருப்பாள். அதாவது என் மைத்துனி, வெடித்த கைகளை, காலை முதல் மாலை வரை, மீன் கழுவும் உப்புப் போட்ட நுரைத் தண்ணீரில் இரட்டிப்பாக ஊற வைத்திருக்கிறாள். என்னை நம்பி.

"கையக் காட்டு" என்றேன். கேட்கவே பயமாக இருந்தது.

அவள் ஒரு பெண்ணின் முன்முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையை நீட்டிவிட்டு, கத்திரி பிடித்த மற்றக் கையால் வேலையைத் தொடர்ந்தாள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

முட்டிகள் மூடியிருந்தன. வெடித்த இடங்களில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக, மெல்லிசாக. விரல் இடுக்கில் சிவப்பு அடங்கியிருந்தது.

"எரியலையா?"

"மொத ரெண்டு நாள் சுர்ருன்னுச்சு. உப்புல்ல, அதான்னு விட்டுட்டேன். அப்புறம் ஒண்ணும் தெரியல." யோசித்தாள். "நேத்து மீனுக்கு எலுமிச்சங்கா பிழிஞ்சேன் அத்தான். பிழிஞ்சு முடிச்சப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. எரியவே இல்ல லா!"

அருகில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எந்த ஆய்வகமும் இப்படி ஒரு சோதனையைச் செய்யத் துணியாது. கலவையைக் கெடுத்து, அளவைப் பெருக்கி, புண்பட்ட கையில் நாள் முழுக்க ஊற்றி... அவ்வளவுக்கும் அது கடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் கல்லுப்பு மழை பெய்தும் என் மாமாக்கள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் களிம்பு நன்றாக வேலை செய்கிறது என்றாராம். உண்மைதான். ஆற்றியது களிம்பு. மறுபடி மறுபடி கிழிக்காமல் இருந்தது மட்டும் செம்பனை. தொடர்ந்து கழுவலாம், களிம்பை விடாதே என்று சொல்லி அனுப்பினார்.

மறுபடி நாற்காலி

மலர் கை ஆறிய கதையைக் கேட்டுவிட்டு, அடுத்த கலவையைத் தவுக்கேயே செய்யச் சொன்னார். உப்பை நானே போட்டேன், மேட்டின் இந்தப் பக்கத்திலேயே நிறுத்தினேன். வக்கீல் ஆன்டி எழுந்து தலையில் கை வைத்தார். போன கை திரும்பி வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல்கள் ஒன்றும் சொல்லாமல் போவது பெரிய தீர்ப்பு.

அதே சனிக்கிழமை, ஆன்டி எழுந்த சூட்டோடு நான் போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் சுமதி.

"இது ஆராய்ச்சி. முடி இருக்கிறவங்களால செய்ய முடியாது" என்றேன்.

"ஆராய்ச்சின்னாலும் காசு உண்டு அத்தான்," என்றாள் மலர். "மொட்டைக்கு டபுள். நுரை நிக்க இடமில்லாம வழியுது."

பீங்கானின் சில்லிப்பு. மல்லிகை. வெதுவெதுப்பான தண்ணீர். கடலை பொரிவது மாதிரிக் காதருகே நுரை உடையும் சத்தம். காப்பார் சாலையின் குலைகளை நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ வட்ட மேசைகளில், மாமாக்களும் அத்தைகளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். ஒவ்வொரு சலூனிலும், ஒவ்வொரு குளியலறையிலும், யாரும் அழைக்காமல், யாரும் பார்க்காமல் இந்த விருந்து நடந்துகொண்டே இருக்கிறது. மலர் கையைத் துடைத்துக்கொண்டு வருவது கேட்டது. என் வழுக்கையில் அந்தக் கை இந்த முறை எப்படி இருக்கிறது என்று கவனமாகப் பார்த்து, இந்த வாரம் உங்களுக்கு எழுதுவதாகத் திட்டம்.

மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.